கையில் போட்டுச் சென்ற வளையலுக்குத் திரும்பி வரும்போது சுங்கத் தீர்வை உண்டா?

கேள்வி கேட்ட சகோதரி, நடந்ததை எழுதியிருக்கும் விதத்தில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டால்தான் பதில் சொல்ல முடியும். நீங்கள் ஆறு ஆண்டுகள் சார்ஜாவில் இருந்துவிட்டு, 2024 டிசம்பர் 18 அன்று இரண்டு குழந்தைகளோடு தமிழகத்தின் ஒரு விமான நிலையத்தில் வந்து இறங்கினீர்கள். 2018இல் திருமணத்தின்போது கும்பகோணத்தில் வாங்கி, அம்மா வீட்டில் போட்டனுப்பிய ஆறு சவரன் வளையல்கள் நான்கும் உங்கள் கையில் இருந்தன. சுங்கத்திடம் அறிவிக்க ஒன்றுமில்லாதவர்கள் வெளியேறும் பச்சை வழியில் நடந்தபோது நிறுத்தினார்கள். நான்கு மணி நேரம் உட்காரவைத்தார்கள். சோப்பு நீர் கொண்டுவந்து வளையல்களைக் கழற்றச் சொன்னார்கள். தொண்ணூறாயிரத்துக்கும் மேல் கட்டச் சொன்னார்கள். பணம் இல்லை என்றதும் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டு ஒரு ரசீதைக் கொடுத்து அனுப்பினார்கள். இந்தியாவில் வாங்கிய நகைக்கு இந்தியாவுக்குள் வரத் தீர்வை உண்டா என்பது முதற்கேள்வி. அவர்கள் நடந்துகொண்ட முறைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்பது இரண்டாவது. அந்தத் தாளில் கையொப்பமிட்டதால் எல்லாம் முடிந்துவிட்டதா என்பது நீங்கள் நேரடியாகக் கேட்காத மூன்றாவது. உங்களுக்கு இப்போது மிகவும் தேவைப்படுவது அந்த மூன்றாவதன் பதில்தான்.

நான் சுங்கத்துறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றியவன். அதில் ஒன்பது ஆண்டுகள் விமான நிலையங்களில், பெரும்பாலும் இரவுப் பணியில் கழிந்தன. ஓய்வுக்குப் பிறகு, இத்தகைய வழக்குகளில் பயணிகளுக்கு மனுக்கள் எழுத உதவி வருகிறேன். ஆகவே மேசையின் இரு பக்கத்திலும் உட்கார்ந்த பழக்கம் உண்டு. உங்கள் ரசீதையும் நீங்கள் கையொப்பமிட்ட தாளையும் நான் பார்க்கவில்லை என்பதால், கீழே சொல்வதில் சட்டத்தைப் பற்றிய பகுதி உறுதியானது. உங்கள் வழக்கின் முடிவைப் பற்றிய பகுதி அனுமானம். 2025 ஏப்ரலில் இதை எழுதுகிறேன். தீர்வை விகிதங்களும் சலுகை வரம்புகளும் மாறக்கூடியவை. பின்னாளில் இதைப் படிப்பவர்கள் பயணத்துக்கு முன் அன்றைய எண்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில், வரும் வழியில் பறிகொடுத்ததாக நீங்கள் எழுதியிருக்கும் அத்தர் பாட்டில் விஷயத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறேன், ஏனெனில் அதற்கும் வளையலுக்கும் தொடர்பில்லை. விமானம் மாறிய ஊரில் அத்தரை எடுத்துக்கொண்டவர்கள் விமானப் பாதுகாப்பைச் சேர்ந்தவர்கள். கடவுச்சீட்டில் முத்திரை வைப்பவர்கள் இமிகிரேஷன், அதாவது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவர்கள். நம் ஊர்ப் பெரிய விமான நிலையங்களில் ஏறும்போது உடலைத் தடவிச் சோதிப்பவர்கள் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர். சுங்கம் நிதி அமைச்சகத்தின் கீழ் உள்ளது. வெள்ளைச் சீருடை எங்களுடையது. இந்த நான்கு கூட்டத்தாரும் ஒருவர் செய்வதற்கு மற்றவர் பொறுப்பல்லர். களைத்து வந்து இறங்கும் பயணிக்கோ எல்லாம் ஒரே வரிசையின் தொடர்ச்சியாகவே தோன்றும். திரவங்களுக்கான 100 மில்லி வரம்பு, 2006 ஆகஸ்டில் லண்டனில் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி வெளிப்பட்ட பிறகு உலகெங்கும் பரவியது. அது பாட்டிலின் கொள்ளளவுக்கான வரம்பு, உள்ளே மிஞ்சியிருக்கும் திரவத்துக்கானது அன்று. 150 மில்லி பாட்டிலில் கால்வாசி அத்தர் இருந்தாலும் அது கைப்பையில் போக முடியாது. அந்த இழப்புக்கு மேல்முறையீடு எதுவும் இல்லை. அடுத்த முறை சரக்குப் பெட்டியில் வைத்துவிடுங்கள் என்பதற்கு மேல் நான் சொல்வதற்கும் இல்லை.

இனி வளையல். 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின்கீழ், நீங்கள் வந்தபோது பயணிகள் கொண்டுவரும் பொருள்களுக்கு 2016ஆம் ஆண்டின் பயண உடைமை விதிகள் நடப்பில் இருந்தன. வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்தியர் தம் பயன்படுத்திய சொந்தப் பொருள்களைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். அதற்கு மேல் 50,000 ரூபாய் மதிப்புவரை பிற பொருள்களும் அப்போது கொண்டுவர முடிந்தது. ஆனால் சொந்தப் பொருள்கள் என்பதற்கு அந்த விதிகள் தந்த வரையறை, அன்றாடத் தேவைக்கு வேண்டியவை என்று சொல்லிவிட்டு, நகைகள் அதில் அடங்கா என்று ஒரு வரியில் விலக்கிவிட்டது. உங்களைப் போன்ற ஆயிரக்கணக்கானோரின் துன்பம் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்கியது. நகைக்கென்று தனிச் சலுகை ஒன்று உண்டு: ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்பும் பெண் 40 கிராம்வரை, ஆண் 20 கிராம்வரை கொண்டுவரலாம். இதை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விட்டது அந்த 2016 விதியின் பின்பாதி: பெண்ணுக்கு அந்த 40 கிராமின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயையும், ஆணுக்கு 20 கிராமின் மதிப்பு ஐம்பதாயிரம் ரூபாயையும் தாண்டக் கூடாது என்று இருந்தது.

2016 ஏப்ரலில் இந்த விதிகள் வந்தபோது 22 காரட் தங்கம் கிராமுக்குச் சுமார் 2,800 ரூபாய். 40 கிராமின் விலை ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் அளவில் இருந்ததால், எடை வரம்பும் மதிப்பு வரம்பும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றன. நீங்கள் வந்த டிசம்பரில் கிராம் விலை 7,100 ரூபாயையொட்டி இருந்தது. ஒரு லட்சம் ரூபாய்க்கு அன்று 14 கிராம்தான் வரும், இரண்டு சவரன்கூட இல்லை. ஆணுக்குரிய ஐம்பதாயிரத்துக்கு 7 கிராம், ஒரு சவரனுக்கும் குறைவு. எடையைச் சொல்லும் பாதி அப்படியே இருக்க, மதிப்பைச் சொல்லும் பாதி விலையேற்றத்தில் சுருங்கிப்போனதால், ஐந்து சவரன் அனுமதி என்று நம்பி வந்தவர் இரண்டு சவரனில் தடுக்கப்பட்டார். பயணியின் பிழையும் இல்லை, மேசையில் நிற்கும் அதிகாரியின் பிழையும் இல்லை. வரம்பைத் திருத்தாமல் விட்டவர்களின் பிழை. நான் பணியில் இருந்த காலத்திலேயே இதை மேலே எழுதியவர்கள் இருந்தார்கள், நானும் எழுதியிருக்கிறேன்.

அப்படியானால் இந்தியாவிலேயே வாங்கி எடுத்துச் சென்ற நகைக்கு? நியாயம் எல்லோருக்கும் தெரியும்: இங்கிருந்து போனது இங்கு திரும்புகிறது, அதற்கு எதற்குத் தீர்வை? சட்டம் அந்த நியாயத்தை மறுக்கவில்லை. அது இங்கிருந்துதான் போனது என்பதைக் காட்டச் சொல்கிறது. ஏற்றுமதி செய்த பொருள் மீண்டும் உள்ளே வந்தால் அதுவும் இறக்குமதியே என்பது சுங்கச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் அடிப்படை. விலக்குகள் அதன்மேல் கட்டப்பட்டவை. பயணிகளுக்காக உள்ள வழி, புறப்படும் நாளில் விமான நிலையத்தின் சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி, எடையும் அடையாளமும் குறித்த ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொள்வது. திரும்பி வரும்போது அந்தத் தாள் கையில் இருந்தால் பேச்சே இல்லை. ஆனால் என் ஒன்பது ஆண்டுகளில் அதைக் கேட்டு வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். திருமணமாகி ஒரு மாதத்தில் கணவனோடு முதன்முறையாக விமானம் ஏறும் பெண்ணுக்கு இப்படி ஒன்று இருப்பதாக யார் சொல்வார்கள்? விமானச் சீட்டிலும் இல்லை, ஏறும் இடத்தில் கண்ணில் படும்படி பலகையும் இல்லை. கேட்டவர்களுக்கும், நேரமாகிவிட்டது, மதிப்பீட்டாளர் இல்லை என்று பதில் வந்த நாள்கள் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

சான்றிதழ் இல்லாதவருக்கு மிஞ்சுவது நகையே சொல்லும் சாட்சியம். இந்திய ஹால்மார்க் முத்திரை, அதாவது இந்தியத் தரநிலைப் பணியகமான பிஐஎஸ்ஸின் முக்கோணமும் 916 என்ற எண்ணும், அது இந்தியச் சந்தைக்காகச் செய்யப்பட்ட நகை என்பதற்கு நல்ல அடையாளம். 2021இலிருந்து வந்த நகைகளில் ஆறு எழுத்து எண்கள் கொண்ட தனி அடையாளக் குறியும் உண்டு. அதைப் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் விவரம் வந்துவிடும். உங்கள் வளையல்கள் 2018இல் வாங்கியவை என்பதால் அந்த ஆறு எழுத்துக் குறி இருக்காது; ஆனால் பழைய முறை முத்திரையில் சோதனை மையத்தின் குறியும் நகைக்கடையின் குறியும் இருக்க வேண்டும். அவை உங்கள் கும்பகோணத்துக் கடையோடு பொருந்தினால் அது வலுவான ஆதாரம். அடுத்தது கடை ரசீது. நகைக்கடைகள் பழைய விற்பனைப் பதிவுகளைக் கணினியில் வைத்திருப்பது வழக்கம்; எடையும் தேதியும் சொல்லிக் கேட்டால் மறுநகல் கிடைக்க வாய்ப்பு உண்டு. மூன்றாவது, திருமணப் புகைப்படங்கள். கையில் வளையல் தெளிவாகத் தெரியும் படமும், சார்ஜாவில் பின்னாளில் எடுத்த படங்களும் சேர்ந்தால், இந்த நகை வாங்கிவந்ததல்ல, ஆண்டுக்கணக்கில் அணிந்தது என்பது விளங்கும். வளையலின் உட்புறத் தேய்மானத்தை அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்; அதை மகஜரில், அதாவது சாட்சிகள் முன் எழுதும் பதிவில், எழுதச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை.

அதிகாரி ஏன் சந்தேகப்படுகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும், அவருக்காக வாதாட அல்ல, எந்த ஆதாரம் அவரிடம் எடுபடும் என்பது அதிலிருந்துதான் தெரியும் என்பதால். 2013இல் தங்கத்துக்கான தீர்வை ஒரே ஆண்டில் 10 விழுக்காட்டுக்கு ஏறியதிலிருந்து, வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு நகரங்களுக்கும் போய்வரும் விமானங்களில் தங்கம் வருவது பெருகியது. அதைச் சுமந்து வருபவர்களை எங்கள் வட்டாரத்தில் குருவிகள் என்போம். சீட்டுக்கும் செலவுக்கும் மேல் சிறு கூலிக்காக, பெரும்பாலும் ஏழை இளைஞர்களும் பெண்களும், பசையாக்கிய தங்கத்தை உடலுக்குள் மறைத்தும், கட்டித் தங்கத்தையே உருக்கிச் செய்த முரட்டுச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டும் வருவார்கள். இந்த இரண்டாம் வகைதான் உங்களைப் போன்றவர்களுக்குச் சங்கடம் ஆகிறது. அந்தச் சங்கிலி 24 காரட்டாக இருக்கும், வேலைப்பாடு இருக்காது, கொக்கி சரியாகப் பொருந்தாது. நம் பெண்கள் அணிவது 22 காரட். உரைகல்லில் ஒரு கோடு இழுத்தால் போதும், வேறுபாடு தெரிந்துவிடும். 22 காரட், ஹால்மார்க், வேலைப்பாடு, தேய்மானம் நான்கும் இருக்கும் வளையலைக் கையிலிருந்து கழற்றும் முன்பே நல்ல அதிகாரி முடிவுக்கு வந்திருப்பார். அன்று உங்கள் எதிரில் இருந்தவர் அதைச் செய்யவில்லை. எத்தனை விமானங்கள் ஒன்றாக இறங்கின, அவருக்கு மேலிருந்து என்ன நெருக்கடி என்பதெல்லாம் காரணமாக இருக்கலாம். காரணம் இருப்பதால் அது சரியாகிவிடாது.

இப்போது கணக்கைப் பார்ப்போம், ஏனெனில் உங்கள் வளையல்கள் வெளிநாட்டில் வாங்கியவை என்றே வைத்துக்கொண்டாலும் கேட்ட தொகையில் எனக்கு ஐயம் இருக்கிறது. ஆறு சவரன் 48 கிராம். கிராம் 7,100 என்றால் 3,40,800 ரூபாய். ஒரு லட்சம் சலுகையைக் கழித்தால் 2,40,800. இதற்குப் பயண உடைமைக்கான அன்றைய பொது விகிதமான 38.5 விழுக்காட்டைப் போட்டால் 92,708 ரூபாய் வருகிறது. உங்களிடம் கேட்ட தொகை இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இந்திய வம்சாவளியினரோ இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரோ, ஆறு மாதத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும்போது, ஒரு கிலோவுக்குள் தங்கத்தைச் சலுகை விகிதத்தில் கொண்டுவரலாம். கல்லும் முத்தும் பதிக்காத நகையும் அதில் அடங்கும். 2024 ஜூலையில் அந்த விகிதம் 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. இடையில் ஊருக்கு வந்துபோன நாள்கள் மொத்தம் 30க்குள் இருந்தால் அவை கணக்கில் வராது. நீங்கள் ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தவர். வளையல்கள் கல் பதிக்காதவை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சலுகையும் கழிக்காமல் முழு மதிப்புக்கும் 6 விழுக்காடு போட்டாலும் 20,448 ரூபாய்தான், கைப்பையில் இருந்த திர்ஹமில் கட்டிவிடக்கூடிய தொகை. சுங்கம் மதிப்பிடும் விலை சந்தை விலையிலிருந்து சிறிது வேறுபடும் என்பதால் இந்த எண்கள் துல்லியமல்ல. ஆனால் இரண்டுக்கும் இடையிலான தூரம் பொய்யல்ல.

அந்தச் சலுகை ஏன் தரப்படவில்லை என்று கேட்டால், பச்சை வழியில் வந்துவிட்டீர்கள், அறிவிக்கவில்லை என்பார்கள். இதில் அவர்கள் பக்கம் சட்டம் ஓரளவு இருக்கிறது. 77ஆம் பிரிவின்படி உடைமையை அறிவிப்பது பயணியின் கடமை. அறிவிக்க ஒன்றுமில்லை என்பவருக்கே பச்சை வழி. அதில் கால் வைப்பதே ஓர் அறிவிப்பு என்று துறை கொள்கிறது. தீர்வைக்குரியது ஏதும் இல்லாதவர் படிவம் நிரப்பத் தேவையில்லை என்று ஆக்கிய பிறகு, படிவம் பார்த்தாவது சந்தேகம் கேட்கும் வாய்ப்பும் பயணிக்கு இல்லாமற்போனது. வரம்பைத் தாண்டியிருக்குமோ என்ற ஐயம் துளியேனும் இருந்தால் சிவப்பு வழியில் போய், சந்தேகம் இருக்கிறது, பாருங்கள் என்று சொல்வதே நல்லது. அதிதி என்ற செயலியில் பயணத்துக்கு முன்பே அறிவித்தும் விடலாம். மீண்டும் வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: உண்மையாக அறிவித்துவிட்டு, 80ஆம் பிரிவின்படி நகையைச் சுங்கத்தின் காவலில் விட்டு, திரும்பும்போது பெற்றுச் செல்லலாம். இவை எல்லாம் அறிவித்தவருக்கே கிடைக்கும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி, நடத்தப்பட்ட முறை. கடத்தல் பொருளை மறைத்திருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால் உடலைச் சோதிக்க 100ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. 102ஆம் பிரிவு அதற்குக் கடிவாளம் போடுகிறது: பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும், சாட்சிகள் இருவராவது இருக்க வேண்டும், நீங்கள் கேட்டால் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ முதலில் அழைத்துச் செல்ல வேண்டும். சுங்கக் கண்காணிப்பாளரே அரசிதழ் பதிவு பெற்றவர் என்பதால் நடைமுறையில் அந்த உரிமை வெளியாள் எவரையும் அறைக்குள் கொண்டுவராது. என்றாலும் கேட்டது பதிவாகும், கேட்ட பிறகு குரல் தணியும், இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். உங்களை நான்கு மணி நேரம் வைத்திருந்தது சட்டவிரோதமா என்றால், உறுதியாகச் சொல்ல இயலாது. விசாரணைக்கு இத்தனை மணி நேரம் என்று சட்டம் வரையறுக்கவில்லை. ஆனால் அழைப்பாணையும் இல்லை, கைதும் இல்லை, வெளியே போகவும் விடவில்லை என்ற நிலை நீண்டுகொண்டே போனால் நீதிமன்றம் கேள்வி கேட்கும். குழந்தைகள் பசியோடு இருக்க, எல்லோர் கண்ணிலும் படும்படி சோப்பு நீரில் கையை முக்கிக் கழற்றச் செய்தது சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை. அதைப் படித்தபோது, அந்தச் சீருடையை அணிந்திருந்தவன் என்ற முறையில் எனக்கு வருத்தமாக இருந்தது. தனியறையும் பெண் அதிகாரியும் விமான நிலையங்களில் உண்டு. மதிப்பீட்டாளரை முன்னே அழைத்து, கையிலிருக்கும்போதே முத்திரையைப் பார்க்கச் சொல்வதற்குப் பத்து நிமிடம் போதும்.

மூன்றாவது, அந்தத் தாள். நீங்கள் சொல்வதைக் கொண்டு பார்த்தால் அது, எனக்கு எழுத்து மூலமான அறிவிப்பு வேண்டாம், நேரில் விசாரணையும் வேண்டாம் என்று முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும் அச்சுப் படிவமாக இருக்க வேண்டும். பறிமுதல் செய்யும் முன் காரணங்களைச் சொல்லி அறிவிப்புத் தர வேண்டும், பதிலைக் கேட்க வேண்டும் என்பது 124ஆம் பிரிவு. பயணி கேட்டுக்கொண்டால் அந்த அறிவிப்பு வாய்மொழியாக இருக்கலாம் என்று சட்டமே இடம் தருகிறது. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் படிவம் வந்தது. ஆனால் களைத்த பயணியிடம் முன்கூட்டி அச்சடித்த படிவத்தில் கையொப்பம் வாங்குவது 124ஆம் பிரிவை நிறைவேற்றியதாகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025இல் பல வழக்குகளில் தெளிவாகச் சொல்லி, நகைகளைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டுள்ளது. அந்தத் தீர்ப்புகள் நம் மாநில அதிகாரிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும், எடுத்துக்காட்டினால் எடை உண்டு.

காலக் கணக்கும் உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம். பொருளைக் கைப்பற்றிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அறிவிப்புத் தரவில்லையென்றால் 110ஆம் பிரிவின்படி பொருளைத் திருப்பித் தந்துவிட வேண்டும். ஆணையர் எழுத்தில் காரணம் பதிந்து இன்னும் ஆறு மாதம் நீட்டலாம். டிசம்பர் 18இலிருந்து எண்ணினால் ஜூன் நடுவில் முடிகிறது. உங்கள் ரசீது, தடுத்துவைத்ததற்கான ரசீதா கைப்பற்றியதற்கான மகஜரா என்பதைப் பார்க்க வேண்டும். தடுத்துவைப்பு கைப்பற்றுதல் ஆகாது, ஆகவே கடிகாரம் ஓடத் தொடங்கவில்லை என்று துறை வாதிடுவதுண்டு. பொருள் உங்கள் கையைவிட்டுப் போய்விட்ட பிறகு பெயரில் என்ன இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் அது கருத்துத்தான்.

ஆகவே இந்த வாரமே செய்ய வேண்டியது, அந்த விமான நிலையச் சுங்கப் பிரிவின் உதவி ஆணையருக்கு விரைவுத் தபாலில் ஒரு கடிதம். தமிழிலேயே எழுதலாம். ரசீது எண்ணைக் குறிப்பிட்டு, கையொப்பமிட்ட தாளின் பொருள் எனக்கு விளக்கப்படவில்லை, அறிவிப்பையும் விசாரணையையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை, அதில் அப்படி இருந்தால் திரும்பப் பெறுகிறேன் என்று முதல் பத்தியில் சொல்லுங்கள். அடுத்து வளையல்களின் வரலாறு, கடை ரசீது, படங்கள். அதற்கடுத்து, மாற்றாக, தீர்வை உண்டு என்று முடிவு செய்தால் சலுகை விகிதத்தில் கட்ட விரும்புகிறேன் என்று ஒரு வரி. அது முதல் வாதத்தைப் பலவீனப்படுத்தாது. அன்று உங்களிடம் வாக்குமூலம் எதுவும் எழுதி வாங்கியிருந்தால் அதன் நகலைக் கேளுங்கள். சுங்க அதிகாரிகள் காவல்துறையினர் அல்லர் என்பதால் அவர்களிடம் தரும் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லும். அதில் தவறு இருந்தால் மறுப்பதில் தாமதம் கூடாது. தனிக் கடிதத்தில், அன்றைய வருகைக் கூடத்தின் கண்காணிப்புப் படக்கருவிப் பதிவைப் பாதுகாக்கும்படி கேளுங்கள். அவை குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிந்துவிடும் என்பதால் நான்கு மாதம் கழித்து இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். இருந்தாலும் கேட்டதற்குப் பதிவு வேண்டும். நடத்தை பற்றிய புகாரை நகை பற்றிய மனுவோடு கலக்காமல், மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளத்தில் தனியே பதியுங்கள். கலந்து எழுதிய மனுவில் கோபத்துக்கு மட்டும் பதில் வரும், வளையல் அங்கேயே இருக்கும்.

நீதிமன்றங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதைப் பொறுத்தவரை, நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது, முற்றிலும் உறுதி இல்லை. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளிப் பயணி ஒருவர் கொண்டுவந்த நகையைச் சொந்த உடைமையாக உச்ச நீதிமன்றம் 2017இல் ஏற்றது. ஆனால் அது 1998ஆம் ஆண்டின் பழைய விதிகளின்கீழ் எழுந்த வழக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி 2025 ஜனவரியில், வெளிநாட்டிலிருந்து வந்த புதுமணப்பெண்ணிடம் 2023 டிசம்பரில் கைப்பற்றிய தாலிக்கொடியைத் திருப்பித் தர உத்தரவிட்டார். சட்டம் பேசுவது உடைமைப் பெட்டிக்குள் உள்ள பொருளைப் பற்றி, உடலில் அணிந்திருப்பதை விதிகளால் அதற்குள் இழுக்க முடியாது என்ற அந்தத் தீர்ப்பின் தர்க்கம் உங்கள் வளையல்களுக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் அது தனி நீதிபதியின் தீர்ப்பு. மேல் அமர்வில் அந்தத் தர்க்கம் நிலைக்கும் என்று எண்ணி மற்ற ஆதாரங்களைச் சேர்க்காமல் இருந்துவிடாதீர்கள். அணிந்திருந்தால் எவ்வளவானாலும் தீர்வை இல்லை என்று இணையத்தில் பரவும் பேச்சு அந்தத் தீர்ப்பை மிகைப்படுத்திப் படித்ததன் விளைவு. அதை நம்பிப் பதினைந்து சவரன் புது நகையை அணிந்து வந்தவர் ஒருவருக்கு இந்த மாதம்தான் மனு எழுதிக் கொடுத்தேன்.

பாதகமாக உத்தரவு வந்தாலும் வழி இருக்கிறது. தடைசெய்யப்படாத பொருளாயின், 125ஆம் பிரிவின்படி மீட்புத் தொகை கட்டிப் பெற்றுக்கொள்ளும் வாய்ப்பைத் தந்தே ஆக வேண்டும். உத்தரவு கைக்கு வந்த அறுபது நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் இன்னும் முப்பது நாள். அதற்கு மேல், பயண உடைமை வழக்குகள் தீர்ப்பாயத்துக்குப் போகா. மத்திய அரசிடம் சீராய்வு மனு, மூன்று மாதத்துக்குள். பலரும் வழக்கறிஞரின் பேச்சில் தவறான இடத்தில் மனுப் போட்டு நாள் கடத்திவிடுகிறார்கள். ஆறு சவரனுக்கு உயர் நீதிமன்றம் போவது செலவுக்குத் தகுமா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. என் கணிப்பில், கடை ரசீதும் முத்திரையும் பொருந்தினால் உதவி ஆணையர் நிலையிலேயே முடியக்கூடிய வழக்கு இது.

வளையல்கள் திரும்பக் கிடைக்கும் நாளில் தனியே போகாதீர்கள். பிரித்துத் தரும் உறையின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் எதிரில் எடை போடச் சொல்லுங்கள். நான்கு வளையல்களின் ஹால்மார்க்கையும் ரசீதில் உள்ள விவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எடை குறைந்திருந்தாலோ உரைத்த தழும்பு ஆழமாக இருந்தாலோ அதைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவேட்டிலேயே தமிழில் எழுதி, அதன் கீழ் கையொப்பமிடுங்கள்.